நனைக்காத ஐஸ்

பிப்ரவரி 2, திங்கள்

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போனவர்களில் பாதிப் பேர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. பிசிறு வெட்டும் பிரிவில் நானும் நாலு பெண்களும் மட்டும்தான். அச்சிலிருந்து வரும் ரப்பர் துண்டுகளின் ஓரத்தில் வழிந்து நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி எடுக்கும் வேலை. நான் அந்தப் பிரிவுக்குச் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் எல்லோரையும் திட்டிவிட்டு நானும் சேர்ந்து வெட்டுவது.

மத்தியானம் முதலாளி சம்பத் சார் எல்லோரையும் கூப்பிட்டார். ரயில் பெட்டிக்கு அடியில் வைக்கும் ரப்பர் மெத்தைகள் சென்னையிலிருந்து மறுபடியும் திரும்பி வந்திருக்கின்றன. மேலெல்லாம் புள்ளியும் தழும்பும். அச்சில் ஏறிக் கிடக்கும் அழுக்குதான் காரணம் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"பதினாறாம் தேதி அவங்க நேர்லயே பாக்க வர்றாங்க. மறுக்கா இப்படியே வந்துதுன்னா ஆர்டர் இல்லீங்க. ஆர்டர் இல்லாட்டிப் பெரிசை வச்சு என்ன பண்றது? எடைக்குப் போட்டர்றதுதான்."

பெரிசு என்பது எங்கள் கம்பெனியிலேயே பெரிய பிரஸ். ரப்பரை அச்சுக்குள் வைத்து, சூடேற்றி, மேலிருந்து அமுக்கும். அதை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. மற்ற சின்ன பிரஸ் எல்லாம் பொத்தான் தட்டினால் ஓடுகிறவை, அவற்றுக்கு ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் இருக்கிறார்கள். பெரிசு போனால் இவரும் போக வேண்டியதுதான். ஐம்பத்து நாலு வயசில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

வீட்டுக்கு வந்ததும், "சார் சொன்னதுக்கு நீங்க என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்றது. சோத்தப் போடு."

இந்த மனுஷருக்கு வார்த்தை எல்லாம் ரேஷன் கடையில்தான் வாங்க வேண்டும்போல.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஐஸ் அடித்து மெஷினைச் சுத்தம் பண்ண ஆள் வருகிறார்களாம். சம்பத் சார் எங்கோ கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அச்சைக் கழுவுவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆறவைத்து, சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கி, காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தால் கை தோல் உரியும், அச்சும் உரியும். அழுக்கு மட்டும் மூலையில் அப்படியே நிற்கும். இதில் ஐஸாம்.

"கொதிக்கற அச்சுல ஐஸை அடிச்சாத் தண்ணி தெறிக்காதுங்களா? துருப்புடிக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"தண்ணியே வராதுங்க்கா."

பெரிய மனுஷர் சொல்கிறாரே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

நான் சிரித்ததை இன்று திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வேனில் வந்து இறங்கியது ஒரு பெண். பெயர் பெர்னதெத், ஊர் தூத்துக்குடி. முப்பது வயசு இருக்கலாம். கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள ஒரு டிரைவர், அவ்வளவுதான். வந்ததும் என் வீட்டுக்காரரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர்தான். பெண்கள் எல்லோரும், "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மீசைக்குள் சிரித்தார்.

அவள் பெட்டியைத் திறந்தாள். புகை வந்தது. மேலே போகவில்லை. பெட்டி விளிம்பில் வழிந்து, கீழே இறங்கி, தரையில் படர்ந்து என் காலைச் சுற்றியது. கீழே போகிற புகையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று அரிசி. பொன்னி அரிசி அளவுதான். கைநீட்டப் போனேன்.

"தொடாதீங்கக்கா! தோலு பொத்துப்போவும். நெருப்பு மாதிரி சுடும்."

கையுறை போட்டு ஒரு பருக்கையை எடுத்து மேஜையில் வைத்தாள். அது நடுங்கிக்கொண்டே ஓடியது, சிறுத்தது, பிறகு இல்லை. இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை.

"கரியமில வாயுவ உறைய வச்சிருக்குக்கா. நாம வெளிய விடுத மூச்சுல இருக்குல்லா, அதுதான். உருகத் தெரியாது இதுக்கு. நேரா காத்தாப் போயிரும்."

எல்லோரும் காதை மூடும் கவசம் போட்டுக்கொண்டோம். அச்சைக் கழற்றவில்லை, ஆற வைக்கவில்லை. பெரிசின் வாய் திறந்திருக்க, அச்சு கொதித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் துப்பாக்கி போன்ற குழாயைப் பிடித்து விசையை அழுத்தினாள்.

கவசத்தையும் மீறி அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் கேட்டது. வெள்ளைப் புகை எழும்பி மறைத்தது. விலகியபோது அந்தக் கருப்பில் ஒரு கை அகலத்துக்கு இரும்பு தெரிந்தது. கழுவிய இரும்பு இல்லை, தேய்த்த இரும்பும் இல்லை. வார்ப்புப் பட்டறையிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல, வெள்ளிக் கொலுசு நிறத்தில். அவள் குழாயை நகர்த்த நகர்த்த அந்த நிறம் பின்னாலேயே போனது. வருஷக்கணக்கில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தேய்த்தும் போகாத அழுக்கு, சண்டைக்கே நிற்காமல் கிளம்பிவிட்டது.

அச்சின் அடியில் எழுத்து இருந்தது. ஒரு அம்புக்குறி, பக்கத்தில் சின்னதாக ஒரு பூ. அதைச் செதுக்கியவன் விளையாட்டுக்குச் செதுக்கியிருப்பான். இத்தனை காலம் அந்தப் பூ அங்கே இருந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது.

அவள் விசையை விட்டாள். தரையில் கொஞ்சம் கருப்புத் தூள், வேறொன்றும் இல்லை.

"அடேங்கப்பா" என்றார் என் வீட்டுக்காரர். நாலு எழுத்துக்கு மேல் அவராகப் பேசி நான் கேட்டது தீபாவளிக்குப் பிறகு இன்றுதான்.

வீட்டுக்கு வந்து குக்கரின் அடியில் கரி பிடித்திருப்பதைப் பார்த்து வெறுப்பாக இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று பெரிசின் உடம்புக்கு அடித்தாள். ஜன்னல் சட்டம் மாதிரி கனத்த இரும்புத் தகடுகள் இரண்டு பக்கமும் நிற்கும். மேலிருந்து அமுக்குகிற வேகத்தை எல்லாம் அந்தச் சட்டம்தான் தாங்குகிறது. கிரீஸும் ரப்பர் புகையும் படிந்து அது என்ன நிறம் என்றே மறந்துவிட்டது. பச்சையாம்! உள்ளே பச்சைப் பெயிண்ட் இருந்திருக்கிறது.

பிரஸ்ஸுக்குக் கீழே உள்ள குழிக்குள் யாரையும் இறங்க விடவில்லை அவள். ஐஸிலிருந்து வரும் காற்று கனமானது, குழியில் போய்த் தங்கும், மூச்சு நின்றாலும் தெரியாது என்றாள். இடுப்பில் ஒரு சின்ன மீட்டர், அது கத்தினால் எல்லோரும் வெளியே. என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் காலை வைக்கப் போனார். "அண்ணாச்சி! ஏறுங்க மேல!" என்று ஒரு சத்தம். ஏறிவிட்டார். என் பேச்சுக்கு இப்படி ஒரு நாள் ஏறியதில்லை.

வலது பக்கச் சட்டத்தின் மேல் மூலைக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அக்கா, இங்கன என்னது? துருவா?"

"துருவா? வாயக் கழுவு சாமி. அது பொட்டு."

ஆயுத பூசைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கேயும் உள்ளதுதான். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் கூடுதலாக உண்டு. மெஷின் ஓட்டுகிறவரின் வீட்டுக்காரிதான் பொட்டு வைக்க வேண்டும். பழைய பொட்டை அழிக்கக் கூடாது, அதன் மேலேயே புதுசு. மெஷினுக்கு அது தாலி மாதிரி. பூசைக்கு முன்னால் மெஷின் முழுக்கத் துடைப்போம், பொட்டைச் சுற்றி மட்டும் துணி வளைந்து போகும். அப்படியே வருஷா வருஷம் ஏறி, எண்ணெயும் புகையும் சேர்ந்து, இப்போது அடை தடிமனுக்கு நிற்கிறது. போன பூசைக்கு, "இன்னும் எச்சா அப்பு புள்ள. மூலை வரைக்கும் இழுத்து வை" என்று பக்கத்தில் நின்று சொன்னவர் இவர்தான். கோயிலுக்கே வராத மனுஷருக்கு மெஷின் மேல் இருக்கும் பக்தியைப் பார்த்து அன்றைக்கு நான் கேலி பண்ணினேன்.

"அப்ப நான் இதத் தொடல" என்றாள் பெர்னதெத். "எங்க ஊர்ல வள்ளத்துல சிலுவை போட்டிருப்பாவ. அத யாரும் சுரண்ட மாட்டாவ." அட்டை வைத்து டேப் ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிலும் அடித்தாள்.

வேறு வேலைக்குத் திருப்பூர் போகிறாள். புதன்கிழமை வந்து மீதி அச்சுகளை முடித்துத் தருவாள்.

பிப்ரவரி 7, சனி

முதல் மெத்தை வந்தது. கையில் வாங்கி விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. அந்தச் சின்னப் பூ ரப்பரில் அப்படியே பதிந்திருந்தது. ஓரத்தில் பிசிறே இல்லை. கத்தியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். நம் வேலைக்கே உலை வைத்துவிடும் போலிருக்கிறதே என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. பெரிசு பிழைத்துவிட்டது, அவர் பிழைத்துவிட்டார், அது போதும்.

சாயங்காலம் பெரிசைத் துடைக்கப் போனேன். பச்சை நிறத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. பொட்டின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டு தொங்கியது. துடைத்தேன், வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம் சிக்கியது.

கீறலாக இருக்கும். ஐஸ் பட்டுக் கீறியிருக்கும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

துணி துவைத்தேன். கோழி எடுத்து வந்தார், குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேனாம். அவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஐஸ் இரும்பைக் கீறாது என்று பெர்னதெத் அன்றைக்கே சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 9, திங்கள்

பதினாறாம் தேதிக்குள் நூறு மெத்தை தயாராக வேண்டும். இன்றிலிருந்து பெரிசுக்கு முழு அழுத்தம்.

அழுத்தம் ஏறும்போது ஒரு முனகல் வரும். எத்தனையோ வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். இன்று ஒவ்வொரு முறையும் என் கத்தி பாதியில் நின்றுபோனது. கத்தி மொட்டையாகிவிட்டது போல.

அவரைச் சும்மா சும்மா கூப்பிட்டேன். "இந்தக் கத்தி மொட்டையாப் போச்சுங்க, சித்த பாருங்க." "டீ ஆறுதுங்க." "போன் அடிக்குதுங்க." அவருடைய ஸ்டூலை வலது பக்கத்திலிருந்து எடுத்து இடது பக்கம் தள்ளிப் போட்டேன், காற்று வரும் என்று சொல்லி. அவர் மறுபடி எடுத்து வலது பக்கமே போட்டுக்கொண்டார்.

நான் பக்கத்தில் போனால் மட்டும் அவருக்குக் கோபம். "அக்கட்டால போ புள்ள! இங்க உனக்கு என்ன வேலை?" பிசிறு வெட்டும் பெண்கள் யாரும் பெரிசு ஓடும்போது முன்னால் வரக்கூடாது என்று வெகுநாளாகவே ஒரு கெடுபிடி. மெஷினில் யார் கண்ணும் படக் கூடாதாம். நான் அவரை இந்தப் பக்கம் இழுக்க, அவர் என்னை அந்தப் பக்கம் விரட்ட, பொழுது போய்விட்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முடி நீண்டிருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

பெர்னதெத் காலையிலேயே வந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் மீதி அச்சுகளை முடித்துவிட்டாள். பெட்டியில் அடியில் கொஞ்சம் ஐஸ் மிச்சம். "இது சும்மாவே காத்தாப் போவும்க்கா, வேற எதும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குது" என்றேன். "அந்தப் பொட்டுக்கும் அடி."

என் வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "வேண்டாம்."

"அடிக்கட்டும்ங்க."

"பொட்டை அழிக்கறதா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? வருசா வருசம் பூசை நோம்பிக்கு உன்ற கையால வச்சது!"

"என்ற கையால வச்சதுதானுங்க. நான்தான் சொல்றேன், அழிக்கட்டும்."

அவர் வந்து சட்டத்துக்கும் பெர்னதெத்துக்கும் நடுவில் நின்றார். இத்தனை பேர் முன்னால் நாங்கள் எதிர்த்துப் பேசிக்கொண்டதே இல்லை. பெர்னதெத் குழாயைத் தாழ்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சத்தம் காதுக்கு ஆவாது" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் நகரவில்லை. நான் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கை சில்லென்று இருந்தது. வந்துவிட்டார்.

வெள்ளைப் புகை சிவப்பாகிவிட்டது. குங்குமம் பறந்தது, சந்தனம் பறந்தது, எண்ணெய்ப் பிசுக்கு பறந்தது. எந்த வருஷத்துப் பொட்டு முதலில் போனது, எது கடைசியில் போனது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், கீறலாகவே இருக்கட்டும் என்று. பிறகு காற்று நின்றது.

அவ்வளவு சுத்தமான இரும்பை நான் பார்த்ததில்லை. அந்தச் சுத்தத்தின் நடுவில், சட்டத்தின் மூலையிலிருந்து கிளம்பி, என் கை நீளத்துக்கு ஒரு விரிசல். மறைக்க ஒரு தூசி இல்லை. பயத்தோடு பயமாக, பார்த்துக்கொண்டே நிற்கவும் தோன்றியது. அழுக்கு என்று எதை எல்லாம் நாம் நினைக்கவில்லையோ அதையும் சேர்த்து எடுத்துவிட்டது அந்த ஐஸ். இரும்பில் உள்ளதை மட்டும் விட்டுவிட்டு அது காற்றாகிப் போய்விட்டது.

"மாதாவே" என்றாள் பெர்னதெத்.

மெயின் சுவிட்சை நான்தான் இறக்கினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

சம்பத் சார் விரிசலைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "பதினாறு கழிச்சுப் பாத்திருக்கலாமுங்களே அக்கா." சொன்ன பிறகு அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரரைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

சோதனை பண்ண ஒருவர் வந்தார். சிவப்பு மருந்தை விரிசல் மேல் பூசி, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தார். மேலே வெள்ளைப் பொடியை அடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தோம். வெள்ளையில் சிவப்புக் கோடு தானாக ஊறி வந்தது. நேற்று கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நிற்கவில்லை, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று போய்க்கொண்டே இருந்தது. யாரோ உள்ளிருந்து வரைவதுபோல. பின்பக்கத்திலும் அதே கோடு வந்தது.

"மீதி நாலு விரல்கடை இரும்புதாங்க புடிச்சுட்டு நிக்குது" என்றார் அவர். "முழு அழுத்தத்துல ஓட்டுனீங்களா? விட்டிருந்தா, முன்னால நிக்கறவரு..."

பெரிசை இனி ஓட்டக் கூடாது. ஒட்டவைத்தாலும் நிற்காது.

பிப்ரவரி 13, வெள்ளி

அவர் சோறு போடச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. வழக்கமாகப் பேசாமல் இருப்பது வேறு, இது வேறு.

பிப்ரவரி 14, சனி

சாயங்காலம் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"எப்பப் பாத்தே?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "போன சனிக்கிழமையே பாத்தனுங்க. திங்களும் செவ்வாயும் நீங்க அது முன்னாடி நிக்கறதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். உங்க வேலை போயிருமேன்னு..." அடிப்பார் என்றுகூட நினைத்தேன், ஒரு நாளும் அடித்ததில்லை என்றாலும்.

தொட்டி நிரம்பி வழிந்தது. அவர் போய் மோட்டாரை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் புள்ள."

"என்ன தெரியும்?"

"விரிசல். ரெண்டு நோம்பியாச்சு. அப்பச் சின்னதா இருந்துது. அதுதான் உன்னைய எச்சா அப்பச் சொன்னேன்."

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். "அட கிறுக்கு மனுசா! தெரிஞ்சுக்கிட்டேவா அது முன்னாடி நின்னே? சொல்றதுக்கு வாயில்லையா உனக்கு?" கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"சொன்னா நிறுத்திருவாங்க. நிறுத்துனா நான் எங்க போறது? அதுதான் பொம்பளைங்க யாரையும் பக்கத்துல உடலை. போறதுனா என்னோட போகட்டும்னு..."

ரப்பரை உள்ளே வைக்கும் ஒவ்வொரு முறையும், அழுத்தம் ஏறும் ஒவ்வொரு முறையும், இந்த மனுஷர் அதைத் தெரிந்துகொண்டேதான் நின்றிருக்கிறார். இரண்டு வருஷம். மத்தியானம் நான் கட்டிக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போய் நின்றிருக்கிறார். அந்த ஐஸைப் பார்த்து வாயைப் பிளந்தேன் நான். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. அவர் காலில் விழுந்து கும்பிடவும் தோன்றியது, செவுளில் ஒன்று விடவும் தோன்றியது.

இரண்டும் செய்யவில்லை. இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

பிப்ரவரி 16, திங்கள்

சென்னைக்காரர்கள் வந்தார்கள். சம்பத் சார் எதையும் மறைக்கவில்லை, நேராகக் கூட்டிக்கொண்டுபோய் விரிசலைக் காட்டினார். அதற்கு அவரை மெச்ச வேண்டும். அவர்கள் மெத்தைகளை எடுத்துப் பார்த்து, இவ்வளவு நன்றாக எங்கேயும் வரவில்லை என்றார்கள். ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகிறது. பெரிசு அடுத்த வாரம் எடைக்குப் போகிறது. என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று சார் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று அவர் வேலைக்கு வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லாமல் லீவு போட்டது இதுதான் முதல் முறை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதாவது செய்துகொள்வாரோ என்று கெட்ட கெட்ட யோசனை. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் பாய்கூடப் போடாமல் வெறும் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு கணம் என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு குறட்டைச் சத்தம் கேட்டது.

வாயைத் திறந்துகொண்டு, கையை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். சின்னச் சத்தத்துக்கும் விலுக்கென்று எழுந்து உட்காருகிற மனுஷர். பக்கத்து வீட்டில் குடத்தைக் கீழே போட்டார்கள், அசையவில்லை. தெருவில் கேஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது, அதற்கும் அசையவில்லை.

வேலை இல்லை, அடுத்த மாசம் என்ன என்று தெரியவில்லை. நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. அதையே பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இன்னும் எழுப்பவில்லை.